கூடலூர் மலைநாட்டில் மாட்டெரு: ஸ்ரீமதுரை வட்டாரத்தின் வேளாண் வரலாறு

மாட்டின் சாணமும் சிறுநீரும் தொழுவத்தில் விரித்த வைக்கோல், தழை, மாடு தின்று மீந்த தீவனம் ஆகியவற்றோடு கலந்து மட்கிக் கிடைப்பது மாட்டெரு. இது தொழு உரம், குப்பை, எரு எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. ஸ்ரீமதுரை, நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டாரத்தில் முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்த ஊராட்சி. இங்கும் சுற்றுப்புறங்களிலும் ஓரிரு கறவைமாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் மாட்டெருவைச் சேர்ப்பதும் மட்கவைப்பதும் பயன்படுத்துவதும் விற்பதும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன.

புல்லும் வைக்கோலும் ஓரிடத்தில் விளைகின்றன. மாடு அவற்றைத் தின்று சாணமாக இன்னோரிடத்தில் இடுகிறது. அந்தச் சாணம் மூன்றாவதாக ஒரு நிலத்துக்குப் போகிறது. ஆகவே எருவின் வரலாறு என்பது மண்வளம் இடம் பெயர்ந்த வரலாறும் ஆகும். கூடலூர்ப் பகுதியில் காடு, நெல்வயல், காப்பித் தோட்டம், சிறு பால்பண்ணை ஆகிய நான்கும் அருகருகே இருப்பதால் இந்த இடப்பெயர்ச்சியை இங்கே தெளிவாகக் காண முடிகிறது.

நிலமும் மழையும்

கூடலூர் நீலகிரி மலையின் மேற்குச் சரிவுக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் 2,200 மீட்டருக்கு மேல் அமைந்த குளிர்ந்த மேட்டுநிலம். கூடலூரோ வயநாட்டுப் பீடபூமியின் தொடர்ச்சி. நிர்வாக வகையிலும் இது வயநாட்டின் பகுதியாகவே இருந்தது. மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு ஆகிய மூன்று அம்சங்கள் 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. அதுவரை தென்கிழக்கு வயநாடு என்பதே இப்பகுதியின் பெயர்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கனமாகப் பெய்கிறது. மேற்கே தேவாலா பக்கம் மழை மிக அதிகம். கிழக்கே முதுமலை, மசினகுடி நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. எருவைப் பொறுத்தவரை இந்த மழை முக்கியமானது. எருவில் உள்ள சாம்பல்சத்தும் தழைச்சத்தின் ஒரு பகுதியும் நீரில் எளிதில் கரைபவை. திறந்த குழியில் கிடக்கும் சாணத்தின் மேல் நான்கு மாதம் மழை பெய்தால் சத்து கரைந்து ஓடைக்குப் போய்விடும், நார் மட்டும் குழியில் தங்கும். சமவெளிக்கு வகுக்கப்பட்ட எருக்குழி முறைகள் இங்கே சரிவரப் பொருந்தாததற்கு இதுவே முதற்காரணம்.

வயலும் காடும்

தோட்டங்கள் வருவதற்கு முன் இப்பகுதியின் வேளாண்மை பள்ளத்தாக்குகளின் அடியிலிருந்த நெல்வயல்களைச் சார்ந்தது. வயநாடன் செட்டிகளும் முள்ளுக்குறும்பரும் நெல் பயிரிட்டனர். நிலத்தின் ஜன்ம உரிமை நிலம்பூர் கோவிலகம் போன்ற குடும்பங்களிடம் இருந்தது. வயல்வேலையின் பெரும்பகுதியைப் பணியர் செய்தனர். அவர்கள் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்களாகத் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். எருவைச் சுமந்து வயலில் கொட்டுவதும் அந்த உழைப்பில் அடங்கும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் 1976இல்தான் வந்தது.

மாடுகள் பகலில் காட்டிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்தன. இரவில் வீட்டருகே பட்டியில் அடைக்கப்பட்டன. பகலில் தின்ற காட்டுப்புல் இரவுச் சாணமாகப் பட்டியில் சேர்ந்து கோடையில் வயலுக்குப் போனது. மலையிலிருந்து மழைநீர் கொண்டுவந்த வண்டல் பள்ளத்து வயல்களை ஏற்கெனவே வளப்படுத்தியதால் எருவின் தேவை அளவோடு இருந்தது.

நீலகிரியின் உயர்ந்த மேட்டில் படகர்களின் வேளாண்மையும் இதே கணக்கில் நடந்தது. ஊரை ஒட்டிய நிலங்களுக்கு மாட்டெரு போய்ச் சேர்ந்ததால் அவை தொடர்ந்து பயிரிடப்பட்டன. தொலைவிலிருந்த நிலங்கள் சில ஆண்டுகள் பயிரிடப்பட்ட பின் தரிசாக விடப்பட்டன. எரு சுமந்து செல்லக்கூடிய தூரமே நிலையான வேளாண்மையின் எல்லையாக இருந்தது.

சமவெளியோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சமவெளியில் சாணத்தின் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. மலைநாட்டில் விறகுக்குப் பஞ்சமில்லை என்பதால் சாணத்தை எரிக்கும் தேவை எழவில்லை. இங்கே சாணத்துக்கு அடுப்பு போட்டியாக வரவில்லை. போட்டி பின்னாளில் வேறு திசையிலிருந்து வந்தது.

காப்பித் தோட்டங்களின் பசி

1840களில் வயநாட்டிலும் அதையொட்டிய பகுதிகளிலும் காப்பி பரவியது. இன்று ஓவேலி எனப்படும் ஓச்சர்லோனி பள்ளத்தாக்கில் 1845 வாக்கில் பெரிய அளவில் காப்பி நடப்பட்டது. காடழித்த புதுமண்ணில் முதல் சில ஆண்டுகள் உரமின்றியே காய்த்த செடி, மேல்மண் மழையில் கரைந்தபின் எருவைக் கேட்டது.

அக்காலத் தோட்டங்களில் எருவுக்காகவே மாடு வளர்க்கும் வழக்கம் இருந்தது. இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் மாட்டுக்கொட்டகை தோட்டத்தின் ஓர் உறுப்பு. மானாப்புல்லை அறுத்து மாட்டின் காலடியில் விரித்து, சாணமும் சிறுநீரும் ஊறியபின் அள்ளிக் காப்பிக்கு இடுவார்கள். தென்னிந்தியத் தோட்டங்களிலும் மாட்டெரு விலைகொடுத்து வாங்கப்படும் பொருளாயிற்று. சாணத்துக்குச் சந்தைவிலை ஏற்பட்ட முதற்காலம் இது.

1870களில் இலைத்துரு நோயும் தண்டுத்துளைப்பானும் வயநாட்டுக் காப்பியை வீழ்த்தின. பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் அந்த இடத்துக்கு வந்தன. எருவின் தேவையும் அத்தோடு தணிந்தது. ஆனால் காப்பி விலை ஏறினால் எருவின் விலை ஏறும், காப்பி வீழ்ந்தால் எருவும் வீழும் என்ற தொடர்பு அப்போதே உருவாகிவிட்டது.

வீணாகும் பாதி: வோல்கர் முதல் ஆச்சார்யா வரை

எருவிடுதலின் மதிப்பு தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளின் உழவு அதிகாரம் உழுவதைவிட எருவிடுவது மேல் என்கிறது. ஆனால் எருவைச் சேமிக்கும் முறையை ஆராயும் அறிவியல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இந்தியாவில் தொடங்கியது.

இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர் 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றுப்பயணம் செய்தார். அவருடைய அறிக்கை 1893இல் வெளிவந்தது. இந்திய உழவர் அறியாமையால் சாணத்தை எரிக்கிறார் என்ற அக்கால அதிகாரிகளின் கருத்தை அவர் ஏற்கவில்லை. விறகு கிடைக்காததே காரணம் என்றார். எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் எனத் தனிக் காடுகளை வளர்க்கப் பரிந்துரைத்தார். மாட்டின் சிறுநீர் சேமிக்கப்படாமல் வீணாவதையும் சுட்டிக்காட்டினார்.

பசுஞ்சாணத்தில் தழைச்சத்து அரை விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுநீரில் ஏறத்தாழ 1 விழுக்காடு. மாட்டின் உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. மண்தரைத் தொழுவத்தில் அது தரையில் ஊறிப்போகும் அல்லது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தொழுவத்தில் மூக்கை நெருடும் நெடி இந்த அம்மோனியாவின் நெடிதான். தரையில் வைக்கோல், காய்ந்த இலை, உலர்ந்த மண் ஆகியவற்றை விரித்துச் சிறுநீரை ஊறவைத்து அன்றாடம் அள்ளினால் அந்தச் சத்தின் கணிசமான பகுதியைக் காப்பாற்றலாம்.

ஆல்பர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது சாணம், சிறுநீர் ஊறிய மண், பயிர்க்கழிவு, சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை புரட்டி மட்கவைக்கும் முறையை உருவாக்கினார். இதுவே இந்தூர் முறை. அவரும் யஷ்வந்த் வாடும் எழுதிய நூல் 1931இல் வந்தது. கென்யாவின் காப்பித் தோட்டங்களும் வட இந்தியத் தேயிலைத் தோட்டங்களும் இம்முறையை மேற்கொண்டன. உள்ளூர்க் குப்பையையும் பண்ணை மாட்டின் சாணத்தையும் கொண்டே பெருந்தோட்டத்துக்கு உரம் செய்ய முடியும் என்பதை அது காட்டியது.

பெங்களூரில் 1930களின் இறுதியில் சி.என். ஆச்சார்யா வேறொரு முறையை வகுத்தார். 6 முதல் 7 மீட்டர் நீளமும் 1.5 முதல் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட குழியை ஒரு முனையிலிருந்து அன்றாடச் சாணத்தாலும் குப்பையாலும் நிரப்பிக்கொண்டே வரவேண்டும். நிரம்பிய பகுதி தரைக்கு மேல் அரை மீட்டர் எழுந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மேலே பூசிவிடவேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு ஆயத்தமாகும். புரட்டும் வேலை இல்லை. ஈரமும் தழைச்சத்தும் காக்கப்படும்.

இவை இரண்டும் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தவில்லை. பூசி மூடும் குழிமுறை மழை குறைந்த இடங்களுக்கு உரியது. மழை மிகுந்த இடங்களில் குழியில் நீர் தேங்கிக் காற்றோட்டம் நின்று அழுகிவிடும். அங்கே தரைக்கு மேல் குவியலாக அடுக்குவதே பொருந்தும். ஹோவார்டும் மழைக்காலத்தில் குழியை விட்டுக் குவியலுக்கு மாறும்படி சொன்னார். கூடலூர் போன்ற இடத்தில் குவியலுக்கு மேல் கூரையும் சுற்றிலும் நீர் வெளியேறும் வாய்க்காலும் தேவை. ஓரிரு மாடு வைத்திருப்பவருக்கு அந்தக் கூரைச் செலவே பெரிது.

மூட்டை உரத்தின் வருகை

பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் 1906இல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. ஆலுவாயில் ஃபாக்ட் உர ஆலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் மலைத் தோட்டங்களுக்கு எளிதாகக் கிடைத்தன.

மலைச்சரிவில் இதன் கவர்ச்சி எடைக்கணக்கில் இருந்தது. நன்கு மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு, மணிச்சத்து 0.2 விழுக்காடு, சாம்பல்சத்து 0.5 விழுக்காடு. அதாவது 1,000 கிலோ எருவைச் சுமந்தால் கிடைப்பது 5 கிலோ தழைச்சத்து. அதே அளவு தழைச்சத்து 11 கிலோ யூரியாவில் இருக்கிறது. தலைச்சுமையாகச் சரிவில் ஏற்றவேண்டிய இடத்தில் பெரிய தோட்டங்கள் மூட்டை உரத்துக்கு மாறியதில் வியப்பில்லை.

ஆனால் எரு தருவது இந்த மூன்று சத்துகள் மட்டும் அல்ல. அது மண்ணில் கரிமப்பொருளைச் சேர்க்கிறது, நீரைப் பிடித்துவைக்கிறது, மண்ணுயிர்களுக்கு உணவாகிறது. கனமழையில் அரிக்கப்படும் சரிவுநிலத்தில் இதற்கு மாற்று மூட்டையில் வருவதில்லை. இஞ்சி, மிளகு, வாழை, காய்கறி பயிரிடும் சிறு உழவர்கள் எருவைக் கைவிடாததற்கு இது காரணம்.

புதிய குடிகளும் கறவைமாடும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கூடலூரின் மக்கள்தொகை பெருகியது. திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து வந்த உழவர்கள் காட்டு ஓரங்களில் குடியேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நீலகிரிக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அதுவே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

சிறு நிலமோ தோட்டக்கூலியோ மட்டும் குடும்பத்துக்குப் போதாத நிலையில் பசு துணை வருமானம் ஆயிற்று. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் கூட்டுறவுப் பால் சேகரிப்பை விரிவாக்கியது. தமிழ்நாட்டில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் 1981இல் அமைந்தது. ஆவின் என்பது அதன் வணிகப்பெயர். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பினப் பசுக்கள் மலையேறின.

இந்த மாற்றம் எருவின் வழியையும் மாற்றியது. நாட்டுமாடு காட்டில் மேய்ந்து பாதிச் சாணத்தைக் காட்டிலேயே விட்டது. கலப்பினப் பசு நாள் முழுவதும் கொட்டகையில் நிற்கிறது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோவுக்கு மேல் சாணமிடுகிறது. அத்தனையும் ஒரே இடத்தில் சேர்கிறது. தவிடும் பிண்ணாக்கும் சமவெளியிலிருந்து வருகின்றன. ஆகவே வெளியூர் மண்ணின் சத்து இப்போது சிறு உழவரின் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. இதைச் சேமித்தால் அவர் நிலம் வளம் பெறும்.

சேமிக்காவிட்டால் அதே சத்து கேடாகும். மண்தரை போய் சிமென்ட் தரை வந்தபின் கொட்டகையை நீரடித்துக் கழுவுவது வழக்கமாயிற்று. சாணமும் சிறுநீரும் நீரில் கலந்து குழம்பாக ஓடுகின்றன. சரிவான நிலத்தில் அது அடுத்த வீட்டுக்கோ கிணற்றுக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும். ஈயும் கொசுவும் பெருகும், பசுவுக்கு மடிவீக்கமும் குளம்புப் புண்ணும் வரும். பாலின் வருமானத்தைக் குறைப்பவை இவை.

ஐரோப்பா இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் இறக்குமதித் தீவனத்தால் வளர்ந்த மாடுகளின் சாணக்குழம்பு நிலத்துக்குத் தாங்காமல் போய் நிலத்தடி நீரில் நைட்ரேட் கலந்தது. 1991ஆம் ஆண்டின் ஐரோப்பிய நைட்ரேட் சட்டம், பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் ஓராண்டில் ஒரு ஹெக்டேருக்கு விலங்கு எருவின் வழியாக 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடக்கூடாது என வரம்பிட்டது. கூடலூரில் நிலை வேறு. இங்கே வட்டாரம் முழுவதற்கும் எரு பற்றாக்குறை, ஒரு கொட்டகையின் பின்புறத்தில் மட்டும் மிகுதி.

காட்டின் புல்லும் தோட்டத்தின் எருவும்

காப்பியும் எருவும் மீண்டும் இணைந்த காலம் 1990கள். 1994இல் பிரேசிலில் உறைபனி காப்பிப் பயிரை அழித்தது. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. அதே ஆண்டுகளில் இந்தியக் காப்பி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் படிப்படியாக நீக்கப்பட்டு, உழவர் தம் காப்பியைத் தாமே விற்கும் உரிமை பெற்றனர். கையில் பணம் வந்த காப்பி உழவர்கள் எருவைத் தேடினர்.

முதுமலைக்கு வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டோர ஊர்களில் இதன் விளைவை எம்.டி. மதுசூதன் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். அங்கே முன்பு உள்ளூர் வயலுக்குப் போன சாணம், காப்பி விளையும் பகுதிகளுக்கு ஏற்றுமதியாகும் பண்டமாக மாறியிருந்தது. மாட்டை உழவுக்கும் பாலுக்கும் வைத்திருந்த நிலை போய்ச் சாணத்துக்காகவும் வைத்திருக்கும் நிலை வந்தது. அந்த மாடுகள் மேய்ந்தது பாதுகாக்கப்பட்ட காட்டில். உலகச் சந்தையில் காப்பியின் விலை ஒரு காட்டின் புல்லைத் தொட்டதை அந்த ஆய்வு காட்டியது.

நீலகிரிப் பக்கத்தில் மசினகுடியை உள்ளடக்கிய சீகூர் பீடபூமியின் நிலையும் இதைப் போன்றதே. யானை வழித்தடங்களில் கால்நடை மேய்ச்சலைப் பற்றிச் சி.எஸ். சிலோரியும் பி.கே. மிஸ்ராவும் 2001இல் எழுதிய ஆய்வு, பால் குறைந்த நாட்டுமாடுகள் அங்கே பெருமளவில் வளர்க்கப்படுவதையும் தோட்டங்களுக்கு எரு விற்பதன் பங்கையும் பதிவுசெய்தது.

இந்த வணிகத்தில் பெறுவோரும் இழப்போரும் உண்டு. காட்டோரத்தில் நிலமில்லாத குடும்பத்துக்குச் சாணம் ரொக்கமாகிறது. தோட்டக்காரருக்குத் தேவையான எரு கிடைக்கிறது. ஊரின் மானாவாரி வயல் தன் எருவை இழக்கிறது. காடு புல்லை இழக்கிறது. மானும் காட்டெருமையும் யானையும் தின்று அங்கேயே சாணமாக இட்டிருக்கவேண்டிய சத்து திரும்பிவருவதில்லை. கால்நடை நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் பரவும் வாய்ப்பும் இருக்கிறது.

முதுமலை 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. பின்னர் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என வரையறுத்தது. மேய்ச்சல் குறையும்போது காட்டுப்புல்லை எருவாக மாற்றும் வழி அடைபடுகிறது. கொட்டகையில் சேரும் சாணத்தின் மதிப்பு உயர்கிறது.

அந்த மதிப்பை ஓர் எளிய கணக்கில் காணலாம். கேரளத்தின் வேளாண் பரிந்துரைகள் இஞ்சிக்கு ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் தொழு உரம் கேட்கின்றன. அது ஏக்கருக்கு 10 முதல் 12 டன். நாளுக்கு 15 கிலோ சாணமிடும் பசு ஓராண்டில் ஏறத்தாழ 5.5 டன் பசுஞ்சாணம் தருகிறது. மட்கும்போது எடை பாதியாகக் குறையும். ஆக ஓர் ஏக்கர் இஞ்சிக்கு நான்கு பசுக்களின் ஓராண்டுச் சாணம் வேண்டும். ஓரிரு பசு வைத்திருப்பவர் ஏன் எருவை விலைக்கு வாங்குகிறார் என்பதும், இஞ்சி உழவர்கள் ஏன் வெளியூரிலிருந்து எருவைத் தருவிக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

சாண எரிவாயு

காற்றுப் புகாத கலனில் சாணத்தை நீரோடு கலந்து வைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வாயு உண்டாக்குகின்றன. இதில் 55 முதல் 60 விழுக்காடு மீத்தேன். இந்தியாவில் சாணத்தைக் கொண்டு இந்த ஆய்வை 1939இல் எஸ்.வி. தேசாய் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் படேல் இரும்பு மிதவைத் தொட்டி கொண்ட கிராமலட்சுமி கலனை வடிவமைத்தார். காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்திலிருந்து அதைப் பரப்பியது. இரும்புத் தொட்டி துருப்பிடித்ததாலும் விலை கூடியதாலும் செங்கல் குவிமாடம் கொண்ட ஜனதா மாதிரி 1978இலும், மேலும் சிக்கனமான தீனபந்து மாதிரி 1984இலும் வந்தன. 1981–82இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் மானியத்தோடு தொடங்கப்பட்டது.

நாளுக்கு 1 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு நீரும் தேவை. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு 2 கன மீட்டர் கலன் பொருந்தும். அதற்கு 50 கிலோ சாணம் வேண்டும். இரண்டு கலப்பினப் பசுக்கள் இதற்குப் போதா, சிறிய கலனுக்கே போதும்.

மலைக்கு இன்னொரு தடை குளிர். சூடான சமவெளியில் சாணம் கலனுக்குள் 30 நாள் இருந்தால் போதும். மிதமான பகுதிக்கு 40 நாளும் குளிர்ப்பகுதிக்கு 55 நாளும் கணக்கிடப்படுகின்றன. நாள் கூடினால் கலனும் பெரிதாகும், செலவும் ஏறும். 20 டிகிரிக்குக் கீழே வாயு குறைகிறது, 10 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதனால் உதகை மேட்டைவிடக் கூடலூர், ஸ்ரீமதுரை போன்ற தாழ்ந்த இடங்களே இந்தக் கலனுக்கு ஏற்றவை.

காட்டோர ஊர்களில் இக்கலனுக்கு மேலும் ஒரு பயன் உண்டு. விறகு பொறுக்கக் காட்டுக்குள் போகும் பெண்கள் யானையை எதிர்கொள்ள நேர்கிறது. வீட்டுக்கொல்லையில் கிடைக்கும் வாயு அந்த நடையைக் குறைக்கிறது.

ஆனாலும் இந்தியா முழுவதும் பல கலன்கள் கைவிடப்பட்டன. மாட்டை விற்றபின் கலன் வறண்டது, விரிசலைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை, உருளை எரிவாயு எளிதில் கிடைத்தது. இந்தத் தோல்விகளில் அடிக்கடி காணப்படும் ஒரு குறை, திட்டங்கள் கலனை அடுப்புக்கு மட்டும் உரியதாகக் கருதியது. கலனில் சாணத்தின் தழைச்சத்து அழிவதில்லை, வெளியேறும் குழம்பில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்தக் குழம்பைப் பயிருக்குச் சேர்க்கும் ஏற்பாடு இருந்த இடங்களில் உருளை எரிவாயு வந்தபின்னும் கலனை வைத்திருக்கக் காரணம் இருந்தது.

மலைச்சரிவு இதற்கு உதவவும் செய்யும், தடையாகவும் நிற்கும். கொட்டகையும் கலனும் வயலுக்கு மேலே இருந்தால் குழம்பு வாய்க்கால் வழியே தானே இறங்கும். கீழே இருந்தால் நீரும் சாணமுமாகிய அந்தக் கனத்தைத் தலையில் ஏற்றவேண்டும். நிழலில் உலர்த்தியோ காய்ந்த இலைக்குப்பையோடு மட்கவைத்தோதான் அதைச் சுமக்கத்தக்க எருவாக்க முடியும்.

மண்புழுவும் இயற்கை வேளாண்மையும்

1980களுக்குப் பின் மண்புழு உரம் தமிழ்நாட்டில் பரவியது. சென்னையில் பணியாற்றிய மண்ணுயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்நாட்டு மண்புழுக்களைக் கொண்டு எருவாக்கும் முறையைப் பரப்பினார். கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவை சேர்ந்த பஞ்சகவ்யத்தை உழவரிடையே பரவலாக்கினார். கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைப் பேசினார். தமிழ்நாடு அரசு 2023இல் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது.

சிறு பால்பண்ணைக்கு மண்புழு உரத்தின் நன்மை எடையில் உள்ளது. கூரையின் கீழ் சிறு தொட்டியில் செய்யலாம். உலர்ந்து பொலபொலப்பாக இருப்பதால் சுமப்பதும் பையிலிட்டு விற்பதும் எளிது. ஆனால் புதுச்சாணத்தை நேரே தொட்டியில் இட்டால் அதன் சூட்டிலும் அம்மோனியாவிலும் புழு இறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆறவைக்கவேண்டும். எறும்பு, பெருச்சாளி, மழைநீர் ஆகியவற்றிலிருந்தும் காக்கவேண்டும்.

நிலவுரிமையும் உழைப்பும்

எருக்கூரை, சிமென்ட் தொட்டி, வாயுக்கலன் ஆகிய அனைத்தும் நிலையான கட்டுமானங்கள். பல ஆண்டுகள் அதே இடத்தில் இருப்போம் என்ற உறுதி உள்ளவரே அவற்றைக் கட்டுவார். கூடலூரில் அந்த உறுதி பலருக்கு இல்லை. பழைய ஜன்ம நிலங்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்றும் கூடலூர் ஜன்மச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் வழக்குகள் நீடித்ததால் நிலத்தைப் பயிரிட்டும் பட்டா பெறாத குடும்பங்கள் மிகுந்தன. பட்டா இல்லாத இடத்தில் கடனும் மானியமும் பெறுவது கடினம். எருக்குழி திறந்தவெளியில் நனைவதற்கு அறியாமையைவிட இது பெரிய காரணமாக இருக்கலாம்.

உழைப்பு மற்றொன்று. பணியர் சுமந்த எருவை இன்று பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அள்ளுகிறார்கள். விடியலில் பால் கறக்கும் முன்னும் பின்னும் கொட்டகையைத் துப்புரவு செய்வது அவர்கள் வேலை. பால் விற்பனையின் கணக்கு சங்கப் புத்தகத்தில் பதிவாகிறது. சாணம் அள்ளும் நேரம் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இன்றைய நிலை

2018இல் மத்திய அரசு கோபர்தன் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய பால்வள வாரியம் குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்து ஊர்களில் பால் உற்பத்தி செய்யும் பெண்களின் வீடுகளில் சிறு கலன்களை நிறுவி, மிகுந்த சாணக்குழம்பை விலைகொடுத்துச் சேகரித்து உரமாக்கி விற்கும் முறையைச் சோதித்தது. எரு வணிகத்துக்கென 2022இல் தனி நிறுவனத்தையும் அமைத்தது. பாலைப் போலவே சாணத்தையும் கூட்டாகச் சேகரித்துத் தரம் பார்த்து விற்கலாம் என்பது இதன் அடிப்படை.

ஸ்ரீமதுரை போன்ற இடத்துக்கு இது அப்படியே பொருந்தாது. வீடுகள் சரிவுகளில் சிதறியிருக்கின்றன, மழை அதிகம், நீரோடு கனத்த குழம்பை வண்டியில் கொண்டுசெல்லும் செலவு பெரிது. ஆனால் சமவெளி ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. எருவை வாங்கும் காப்பி, இஞ்சி, வாழை, மிளகுத் தோட்டங்கள் கொட்டகைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. ஊரின் எருவை உலர்ந்த நிலையில் ஊருக்குள்ளேயே விற்க முடிந்தால் காட்டோரத்திலிருந்து லாரியில் வரும் எருவின் தேவை அந்த அளவுக்குக் குறையும்.

இந்த வரலாற்றில் எருவைக் காக்கும் அறிவு எப்போதும் குறைவாக இருந்ததில்லை. வோல்கர் சொன்னது 1893இல், ஆச்சார்யாவின் குழி 1930களில், வாயுக்கலன் 1950களில் வந்துவிட்டன. குவியலின் மேல் ஒரு கூரை, சிறுநீரை ஊறவைக்கக் காய்ந்த இலை விரிப்பு, கழுவுநீரை வாழைக்குத் திருப்பும் ஒரு வாய்க்கால் ஆகிய மூன்றும் செலவு குறைந்த தொடக்கங்கள். இவற்றுக்கு மேலான கலனும் தொட்டியும் பரவுவது பட்டா, எருவின் விலை, சுமக்கும் உழைப்புக்கான கூலி ஆகியவற்றைப் பொறுத்தது.